ஊரை விட்டுப் போகாம இங்கேயே தையல் கடை போடணும், வழி சொல்லுங்க

ஊசிநூல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பேரும் ஊரும் எழுத முடியாது. கம்பம் பள்ளத்தாக்குல ஒரு பேரூராட்சினு வச்சுக்கங்க. எனக்கு 34 வயசு. மூத்தவன் எட்டாவது படிக்கிறான், சின்னவ மூணாவது.

வீட்டுக்காரரை விட்டு வந்து வருசத்துக்கு மேல ஆச்சு. குடிச்சுட்டு அடிக்கிறது எங்க தெருவுல பாதி வீட்டுல நடக்கிறது தான்னு சொல்லுவாங்க. எனக்கு நடந்தது அது மட்டும் இல்ல. நான் தைக்கிற கூலிக்கு அவர் ஒரு நோட்டு போட்டு வச்சிருந்தார். யார் வீட்டு ஜாக்கெட், லைனிங்கா சாதாவா, எவ்வளவு கூலின்னு எல்லாம் அதுல இருக்கும். பத்து ரூபா இடிச்சா அன்னைக்கு ராத்திரி பிள்ளைங்க முன்னாடியே கேள்வி நடக்கும். கடைசியா மிஷின்ல ஓடிட்டிருந்த தோல் பெல்ட்டைக் கழட்டி அதாலயே அடிச்சார். அப்படியே பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன்.

அம்மா வீடும் அதே தெரு தான். அண்ணனும் மதினியும் கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு, பேசி அனுப்பி வைக்கிறோம்னு ஆரம்பிச்சாங்க. நான் போக மாட்டேன்னுட்டேன்.

எங்க ஊரு ரெண்டா கிடக்கிற ஊரு. மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க ஆளுக, அந்தப் பக்கம் காலனி. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப நடந்த கலவரத்துக்குப் பிறகு டீக்கடை, சலூன், மாவு மில்லு எல்லாமே பக்கத்துக்கு ஒண்ணு. பஸ்ஸுக்கு நிக்கிறதுக்குக் கூட தனித்தனி மரத்தடி. திருவிழா வந்தா நடுரோட்டுல போலீஸ் வேன் நிக்கும். சாதிப் பேரை எழுதினா பேச்சு வேற பக்கம் போயிரும், அதனால எழுதலை.

எங்க பக்கம் ஒருத்தரும் எனக்கு வீடு தரலை. "புருசன் உசுரோட இருக்கையில தனியா இருக்கிறவளுக்கு எப்படி வீடு விடுறது"ன்னாங்க. காலனியில அங்கன்வாடியில வேலை பார்த்து ரிடையர் ஆன ஒரு பெரியம்மா, அவங்க பேத்திக்கு நான் பாவாடை சட்டை தச்சுக் கொடுத்த பழக்கம், முன்னறையையும் ஒரு அடுப்படியையும் ஒதுக்கிக் கொடுத்தாங்க. அட்வான்ஸ் கூட பிறகு தாம்மான்னுட்டாங்க.

அதுக்குப் பிறகு பிரச்சினையே மாறிப் போச்சு. என்னை அடிச்சப்ப ஒருத்தர் கேக்கலை. நான் ரோட்டைத் தாண்டி வாடகைக்குப் போனதுக்குக் கூட்டம் போட்டாங்க.

முதல்ல ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்புல போயிட்டிருந்தேன். விடியுமுன்ன ஏறினா மலை ஏறி இறங்கி வர இருட்டிரும். பிள்ளைங்களைப் பார்க்க ஆள் இல்லாம அதை விட்டுட்டு, பெரியம்மா வீட்டுச் சொந்தத்துல ஒருத்தர் கொடுத்த பழைய மிஷின்ல தைக்கிறேன். காலனி வேலை நேரா வருது. எங்க தெரு வேலையும் வருது, அது வர்ற விதம் தான் வேற. துணியையும் அளவு ஜாக்கெட்டையும் மஞ்சப்பையில சுருட்டி பால்காரர்கிட்ட கொடுத்து விடுறாங்க. பேர் இருக்காது. "கை ஒரு விரக்கடை இறக்கம், கழுத்து பழையபடி"ன்னு ஒரு சீட்டு ஊக்குல குத்தியிருக்கும். யாரோடதுன்னு எனக்குத் தெரியும், அளவு ஜாக்கெட்டே நான் தச்சது தானே. உள்ள ரெண்டு தையல் விட்டு வச்சிருப்பேன். அதுல ஒண்ணு பிரிச்சிருந்தா உடம்பு கொஞ்சம் வச்சிருக்குன்னு புரிஞ்சு அதுக்குத் தக்கன தச்சுருவேன். கூலியும் அதே பையில தான் வரும். இதுவரைக்கும் யாரும் ஒரு ரூபா குறைச்சதில்ல.

குடும்ப வன்முறைக் கேஸுகளைப் பார்க்கிற பாதுகாப்பு அலுவலர் மூலமா கோர்ட்டுல மனு போட்டு, அவர் என்கிட்ட வரக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவு வாங்கியிருக்கேன். ஜீவனாம்சம், நகை விசயம் நடந்துட்டிருக்கு. இப்ப கூட்டத்துல ஒரு முச்சலிக்கா, அதாவது சம்மதப் பத்திரம், எழுதிக் கொண்டு வந்திருக்காங்க. என் 12 பவுனையும் என் மிஷினையும் திருப்பித் தருவாங்களாம். நான் கேஸை வாபஸ் வாங்கணும், காலனியில குடியிருக்கக் கூடாது, இந்த ஊர்ல கடை போடக் கூடாது. அண்ணன் கையெழுத்துப் போடச் சொல்றான்.

கையெழுத்துப் போட்டா என்ன ஆகும், போடலைன்னா என்ன ஆகும்? கடை போட்டா எங்க போடுறது? ரெண்டு பக்கப் பொம்பளைங்களும் தலை நிமிர்ந்து வந்து போற மாதிரி ஒரு இடம் வேணும். இன்னொண்ணு, பையன் பள்ளிக்கூடத்துல இருந்து கையில கலர் கயிறு கட்டிட்டு வந்திருக்கான். எங்க பக்கத்துப் பசங்க கட்டுற கலர். பெரியம்மா பார்த்தும் ஒண்ணும் சொல்லலை, சோத்தைப் போட்டு வச்சாங்க. அது தான் எனக்குத் தாங்கலை.

வேற ஊருக்குப் போயிருன்னு எல்லாரும் சொல்றாங்க. தப்புப் பண்ணவர் அதே வீட்டுல இருக்கார். நான் ஏன் போகணும்னு தோணுது.

---

திருப்பூர்வாசி எழுதியது:

தங்கச்சி, நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, நான் போன்னு தான் சொல்லுவேன். நானும் இதே மாதிரி ஒரு ஊர்ல இருந்து கைப்பிள்ளையோட வந்தவ. பனியன் கம்பெனியில முதல்ல செக்கிங், அப்புறம் கைமடிப்பு, இப்ப ஓவர்லாக் டெய்லர். மிஷின் ஓட்டத் தெரிஞ்ச உன்னை மாதிரி ஆளுக்கு இங்க பீஸ் ரேட்டுல வேலை கிடைக்கும். லைன் வீடு, வாசல்ல கம்பெனி வேன். நான் வந்த புதுசுல பக்கத்து வீட்டுக்காரிக்கு என் கதை தெரியவே தெரியாது. அதுவே பெரிய நிம்மதியா இருந்துச்சு.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். ஆர்டர் இருக்கிறப்ப ராத்திரி ஷிப்ட்டும் ஓடணும், ஆர்டர் இல்லைன்னா வாரம் ரெண்டு நாள் தான் வேலை. பிள்ளை காய்ச்சலா கிடந்தா பார்த்துக்க ஒரு பெரியம்மா இருக்க மாட்டாங்க. உனக்கு அங்க ஒருத்தங்க இருக்காங்க. அதை யோசிச்சா தான் நானே கொஞ்சம் தயங்குறேன். ஆனா உசுரு முக்கியம். அந்த ஆள் ராத்திரி வந்து கதவைத் தட்டுனா என்ன பண்ணுவ?

---

மதுரை_வக்கீல் எழுதியது:

முச்சலிக்காவில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், அண்ணனிடமும் படித்துக் காட்டுங்கள்.

ஊர்க் கூட்டத்துக்கு உங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது. ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, இரட்டைக் குவளையைக் கண்டித்த அதே தீர்ப்பு. கேஸை வாபஸ் வாங்குவதென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் நீங்களே நின்று சொன்னால்தான் உண்டு. ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருந்தால், "அவரே சமாதானமாகப் போய்விட்டார்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கோர்ட்டில் நீட்டுவார். அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்?

உண்மையிலேயே சமரசம் வேண்டுமென்றால் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில் பேசுங்கள். அங்கே எழுதும் தீர்வு கோர்ட் தீர்ப்பாணைக்கு (டிக்ரி) சமம், நகையைத் தராவிட்டால் நிறைவேற்ற வைக்கலாம். கூட்டத்தில் எழுதுவதை எந்த அமீனாவும் வந்து நிறைவேற்றித் தரமாட்டார்.

12 பவுன் சீதனம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன் 19ஆம் பிரிவிலேயே அதைத் திருப்பித் தர உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. மிஷின் உங்கள் பணத்திலோ உங்கள் வீட்டுச் சீரிலோ வந்தது என்றால் அதுவும் அப்படியே. உங்களுக்குச் சொந்தமானதைத் தருவதற்கு அவர்கள் நிபந்தனை போடுகிறார்கள், அதைக் கவனியுங்கள். கல்யாண ஆல்பம், சீர் எழுதின நோட்டு, நகைக்கடை பில், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அவர் எழுதி வைத்த கூலி நோட்டு கைக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சம்பாத்தியத்தைப் பறிப்பதும் அந்தச் சட்டத்தில் பொருளாதார வன்முறைதான், அதற்கு அவர் கையெழுத்திலேயே சாட்சி.

பலருக்குத் தெரியாத ஒன்று. திரும்பி அந்த வீட்டுக்குப் போக விருப்பமில்லாத பெண், அதே தரத்தில் வேறு இருப்பிடமோ அதற்கான வாடகையோ கணவர் தர வேண்டும் என்று கேட்கலாம். அதே 19ஆம் பிரிவு. நீங்கள் இப்போது கொடுக்கும் வாடகைக்குப் பெரியம்மாவிடம் ரசீது வாங்கி வையுங்கள்.

திருப்பூர் சகோதரி கேட்ட கதவு தட்டும் கேள்விக்குப் பதில்: இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவை மீறினாலும் குற்றம்தான், ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உரிமையாக ஜாமீன் கேட்க முடியாத பிரிவு. உத்தரவின் நகல் உள்ளூர் ஸ்டேஷனில் சேர்ந்துவிட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரு நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 181.

கடைசியாக ஒன்று. வீடு கொடுத்த பெரியம்மா பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், உங்களுக்கு வீடு விட்டதற்காக அவரைப் புறக்கணிப்போம் என்று மற்ற சாதியினர் மிரட்டுவதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். 2015 திருத்தத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் சேர்க்கப்பட்டன. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. உரிமை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று எதையும் தள்ளிப் போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.

---

பெரியகுளத்தான் எழுதியது:

சகோதரி, வக்கீல் சொன்னது எல்லாம் சரி தான். ஆனா கோர்ட்டு பத்து மைல் தள்ளி இருக்கு, தெரு வாசல்ல இருக்கு. நாளைக்கு உங்க மகளுக்குச் சடங்கு, மகனுக்கு ஒரு பொண்ணு பார்க்கிறதுன்னா அந்தப் பெரியவங்க தான் முன்ன நிக்கணும். முழுசா முறிச்சுக்காதீங்க. கூட்டத்துல நல்லவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க, அவங்களைத் தனியாப் பார்த்துப் பேசுங்க.

---

டீச்சரம்மா எழுதியது:

கயிறு பத்தி மட்டும் எழுதுகிறேன், நான் தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளியில் இருக்கிறேன்.

அவனைத் திட்டி அறுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்த வயசுப் பையன் கயிறு கட்டுவது பெரும்பாலும் பயத்தில்தான். அவன் குடியிருப்பது ஒரு பக்கம், கூடப் படிக்கிற சொந்தக்காரப் பசங்க இன்னொரு பக்கம். "நீ இப்ப யாரு பக்கம்டா" என்று வகுப்பில் கேட்டிருப்பார்கள். அதற்கு அவன் கையில் கட்டிக் காட்டியிருக்கிறான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே கூடப் படித்த மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் தலைமையாசிரியரிடம் நீங்கள் தைரியமாகப் பேசலாம். ஆனால் "என் பையன் கயிறு" என்று போகாதீர்கள். "பள்ளியில் பசங்க கயிறு கட்டுறாங்க, எல்லாருக்குமா சேர்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவனைத் தனியாகப் பிரித்து நிறுத்தினால் இரண்டு பக்கமும் அவனுக்கு எதிரியாகிவிடும்.

பெரியம்மாவிடம் நீங்களே வாய் விட்டுச் சொல்லுங்கள், "எனக்கு இது பிடிக்கலை, அவனுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்று. அவர் பேசாமல் இருக்கிறார் என்பதற்காக அவருக்கு வலிக்கவில்லை என்று இல்லை. அவர் வயசுக்கு எத்தனை கயிறு பார்த்திருப்பார்.

---

சிவகாசிப்_பக்கம் எழுதியது:

அக்கா, நானும் டெய்லர். எங்க ஊரும் இதே மாதிரி தான். கடை விசயத்துல அனுபவத்துல சொல்றேன்.

தனியார் கடை எடுக்காதீங்க. எந்த ஓனரா இருந்தாலும் ஒரு ராத்திரி நாலு பேர் போய்ப் பேசினா காலையில காலி பண்ணச் சொல்லுவார். பஸ் ஸ்டாண்டுல பேரூராட்சிக் கடை இருக்கும். ஏலத்துல எடுத்தா உங்க ஓனர் பேரூராட்சி. மிரட்டுறதுக்கு ஆளே இல்ல. அறிவிப்பு போர்டுல ஒட்டுவாங்க, அடிக்கடி போய்ப் பாருங்க. முன்பணம் கட்டணும், மகளிர் குழுக் கடன் கிடைக்குமான்னு பாருங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாருமே வர்றாங்க. ஜாக்கெட் கொடுக்க வந்தாளா பஸ்ஸுக்கு வந்தாளான்னு எவனும் கண்டுபிடிக்க முடியாது. எங்க ஊர்ல முதல் ஆறு மாசம் பொம்பளைங்க அப்படித் தான் வந்தாங்க, பஸ் வர்ற வரைக்கும் நிக்கிற மாதிரி. பிறகு பெஞ்சுல உக்கார ஆரம்பிச்சாங்க. ரெண்டு பக்கத்துப் பொம்பளைங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்து கழுத்து டிசைன் புக்கைப் புரட்டுறதை எங்க ஊர்ல என் கடையில தான் பார்க்கலாம். அவங்க பேசிக்கிறது கொஞ்சம் தான். நான் பேச வைக்கவும் மாட்டேன்.

ஊர் வேலையை மட்டும் நம்பாதீங்க. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கம்னு இருக்கு, அரசுப் பள்ளிச் சீருடை எல்லாம் அவங்க மூலமாத் தான் தைக்கக் கொடுக்கிறாங்க. மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேட்டு உறுப்பினர் ஆகிருங்க. கூலி பெருசு இல்ல. ஆனா ஊரே சேர்ந்து வேலை தர மாட்டோம்னாலும் அந்த வேலையை நிறுத்த முடியாது. தேனிக்கு டவுன் பஸ்ஸுல மாறி மாறிப் போனா டிக்கெட்டே இல்ல.

ரேஷன் கார்டுல உங்க பேர் இன்னும் அவர் வீட்டுல தான் இருக்கா? விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமலே தனிக் கார்டு கேட்டு மனு போடலாம், நேர்ல வந்து விசாரிப்பாங்க. கோர்ட் உத்தரவு நகலையும் சேர்த்து வைங்க. மகளிர் உரிமைத் தொகை ஒரு கார்டுக்கு ஒருத்தருக்குத் தான். உங்க கார்டு பிரிஞ்சா தான் நீங்க கேக்கவே முடியும்.

---

ஊசிநூல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அடுப்படியில பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்.

திருப்பூர் அக்கா, நான் கோவிச்சுக்கலை. நீங்க போனது சரி. எனக்கு இங்க இருக்கணும்னு இருக்கு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் இங்க, பெரியம்மா இங்க, இத்தனை வருசமா என் கையில அளவு கொடுத்த பொம்பளைங்க இங்க. கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தாப்பா போட்டாச்சு. பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட நம்பர் கொடுத்து வச்சிருக்கேன். உத்தரவு நகலை இன்னொரு தரம் ஸ்டேஷன்ல கொடுத்து சீல் வாங்கிட்டேன்.

பெரியகுளம் அண்ணே, நீங்க நல்லதுக்குத் தான் சொல்றீங்க. அந்தக் கூட்டத்துல எனக்கு மாமா முறை ஒருத்தர் இருக்கார், அவரைப் போய்ப் பார்த்தேன். முச்சலிக்காவை அவர் முன்னாடி வச்சு, "இதுல அவர் இனிமே அடிக்க மாட்டார்னு ஒரு வரி இருக்கா மாமா, காட்டுங்க"ன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசா வாசிச்சார். இல்லம்மான்னார். அவர் இனி கூட்டத்துக்குப் போறாரோ இல்லையோ தெரியாது. நான் கையெழுத்துப் போடலை, அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். அண்ணன் பேசலை. மதினி மறுநாள் பால்காரர்கிட்ட ஒரு பை கொடுத்து விட்டிருந்தா, ரெண்டு ஜாக்கெட் பிட்டு. இந்தத் தடவை சீட்டுல அவ பேரை எழுதியிருந்தா.

மகள் சடங்கைப் பத்திச் சொன்னீங்க. அன்னைக்கு யார் வர்றாங்களோ வரட்டும். என் மகளுக்குச் சபையில ஆள் கூடணும்னு நான் பெல்ட் அடி வாங்கிட்டு உக்காந்திருக்க முடியாது.

டீச்சரம்மா, பையன்கிட்ட சத்தம் போடலை. யாராச்சும் கேட்டாங்களாப்பான்னேன். நீங்க எழுதினது தான். "நீ காலனிக்காரன் ஆயிட்டியாடா"ன்னு கேட்டிருக்காங்க. ஹெச்செம்மை நாளைக்குப் பார்க்கிறேன். கயிறு இன்னும் கையில தான் இருக்கு. பெரியம்மாகிட்ட நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன். "அவன் கை தானே, அவனே கழட்டட்டும். நீ அவனைப் போட்டு நச்சரிக்காத"ன்னாங்க.

வக்கீல் ஐயா, வாடகை கேக்கலாம்னு எனக்கு யாருமே சொன்னதில்ல. சட்ட உதவியில கொடுத்த வக்கீலம்மாகிட்ட கேட்டேன், அதுக்கும் சேர்த்து மனு போடுறோம்னாங்க. பெரியம்மா ரசீது எழுத மாட்டேன்னு ஒரே பிடிவாதம், "உன்கிட்ட நான் ரசீது போட்டா வாங்குறேன்"னு. கோர்ட்டுக்குன்னு சொன்ன பிறகு தான் எழுதினாங்க. வன்கொடுமைச் சட்டத்தையும் சொன்னேன். இப்ப புகார் வேண்டாம், மிரட்டி யாராச்சும் வாசலுக்கு வந்தா அன்னைக்குப் பார்த்துக்கலாம்னாங்க. அந்தச் சட்டத்தை நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை மட்டும் மடக்கி அரிசி டப்பா கிட்ட வச்சுக்கிட்டாங்க.

சிவகாசித் தங்கச்சி, பஸ் ஸ்டாண்டுல ஒரு கடை பூட்டிக் கிடக்கு, முன்ன செல்போன் ரிப்பேர் கடை. பேரூராட்சி ஆபீஸ்ல கேட்டேன், அடுத்த ஏலத்துல வரும்னாங்க. எட்டடிக்குப் பத்தடி இருக்கும். கட்டிங் டேபிள் போட்டா மிஷின் ரெண்டு தான் நிக்கும். பெஞ்சை வெளிய தான் போடணும், வெயில் எந்நேரம் அடிக்குதுன்னு பார்த்துட்டு வந்தேன். சாயங்காலம் நிழலு. சீருடைச் சங்கத்துக்கு ஓவர்லாக் அடிச்சுக் கொடுத்தா தான் எடுப்பாங்கன்னு ஒருத்தங்க சொன்னாங்க, உண்மையா? மதுரையில செகண்ட் ஹேண்ட் ஓவர்லாக் மிஷின் எங்க நம்பி வாங்கலாம், மூணு நூலா நாலு நூலா எது எடுத்தா ஜாக்கெட்டுக்கும் ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அந்தக் கடைக்கு சிங்கிள் பேஸ் லைன் தான்.